டிராக்டர் டிரெய்லர் கொக்கி

டிராக்டரையும் அதன் பின்னால் வரும் டிரெய்லரையும் பிணைக்கும் இரும்பு அமைப்பு கொக்கி எனப்படும். டிராக்டரின் பின்புறம் மேலும் கீழுமாக இரண்டு காதுத் தகடுகள் இருக்கும். டிரெய்லரின் முன்சட்ட நுனியில் ஒரு வளையம் இருக்கும். மூன்றையும் கோத்து மேலிருந்து ஒரு பின் இறங்கும். சிவகங்கை மாவட்டத்தின் செட்டிநாட்டுப் பகுதியில் நெல்மூட்டை, வைக்கோல், செங்கல், கண்மாய் வண்டல், படமாத்தூர் சர்க்கரை ஆலைக் கரும்பு என எதை ஏற்றினாலும் பாரம் முழுவதும் இந்தக் கோப்பின் வழியாகத்தான் இழுபடுகிறது. கார் பின்னால் பந்துக் கொக்கி வைத்துப் படகு இழுக்கும் மேல்நாட்டு வழக்கம் இங்கே அரிது. ஐரோப்பாவில் அந்தப் பந்தின் விட்டம் 50 மில்லிமீட்டர் என்று வரையறுத்துவிட்டார்கள். காரைக்குடிப் பட்டறைகளில் எழும் கேள்வியெல்லாம் பின்னும் போல்ட்டும் பற்றியவை.

மாட்டு வண்டியில் இந்த வேலையை நுகத்தடியும் பூட்டாங்கயிறும் பார்த்தன. கயிறு சற்று நெகிழ்ந்து கொடுக்கும், இரும்பு கொடுக்காது. ஆகவே டிராக்டர் வந்தபின் ஒவ்வொரு உலுக்கலும் நேரே பின்னில் விழத் தொடங்கியது. தமிழ்நாட்டில் டிராக்டர் பரவியதில் 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதன் மாஸி பெர்குசன் வண்டிகள் ஹாரி பெர்குசன் என்ற அயர்லாந்துக்காரரின் பெயரைத் தாங்கியவை. கலப்பையை டிராக்டரோடு சேர்த்துத் தூக்கும் மூன்று புள்ளி இணைப்பு அவருடைய ஆக்கம். கலப்பை பாறையில் மாட்டினால் முன்சக்கரம் தூக்கி வண்டி பின்பக்கமாகக் கவிழ்ந்த பழைய ஆபத்தைக் குறைத்தது அந்த அமைப்பே.

டிரெய்லருக்கு அந்த இணைப்பு உரியதன்று. அவசரத்துக்கு அதன் மேல்கை பொருந்தும் இடத்தில் சங்கிலியையோ வளையத்தையோ மாட்டி இழுப்பவர்கள் இருக்கிறார்கள். இழுக்கும் புள்ளி பின் அச்சைவிட உயரமாக இருந்தால், கண்மாய்க் கரையில் ஏறும்போது பாரம் டிராக்டரையே பின்னோக்கி மடக்கும். வண்டி கவிழ இரண்டு விநாடிகூட வேண்டாம், கிளட்ச்சை மிதிக்க நேரம் கிடைக்காது. டிரெய்லர் வளையம் எப்போதும் அச்சுக்குக் கீழே உள்ள காதுகளில்தான் மாட்ட வேண்டும். எந்த இரும்பு, என்ன கனம் என்ற பேச்செல்லாம் அதற்கு அப்புறம்.

பின்

பின் ஒடிந்துவிட்டால் அடுத்த முறை கனமானதாகப் போடு என்பதே வழக்கமான யோசனை. பாதி சரி. கணக்குப் போட்டால் விஷயம் தெளியும். 5 டன் பாரம் தார்ச்சாலையில் சமமாக ஓடும்போது பின்மீது விழும் இழுவை 150 கிலோ அளவுக்கே வரும். அதே பாரம் ஈர மண்ணில், ஐந்தடிக்கு ஓரடி உயரும் கரையில் ஏறினால் ஒன்றரை டன் ஆகிவிடும். கிளட்ச்சைப் படக்கென்று விட்டால் 2 டன்னைத் தாண்டும். 25 மி.மீ. விட்டமுள்ள சாதாரண மென் இரும்புப் பின் இரண்டு காதுகளுக்கு நடுவே வெட்டுப்பட்டு விட்டுக்கொடுக்கத் தொடங்க ஏறத்தாழ 14 டன் வேண்டும். அப்படியானால் 2 டன்னுக்கு அது ஏன் கெட்டுப்போகிறது?

இடைவெளிதான் காரணம். காதுகள் 60 மி.மீ. விலகி நின்று, வளையம் நடுவில் தொங்கினால், பின் வெட்டுப்படுவதில்லை, வளைகிறது. அந்த 60 மி.மீ. இடைவெளியில் 2 டன் இழுவை 25 மி.மீ. பின்னில் உண்டாக்கும் வளைவுத் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 195 நியூட்டன். மென் இரும்பு நிரந்தரமாக வளையத் தொடங்கும் எல்லை 240 அளவில் இருக்கிறது. ஒரு குழியில் இறங்கி ஏறினால் அந்த மிச்சமும் தீர்ந்துவிடும். 30 மி.மீ. பின் போட்டால் தகைவு 113 ஆகக் குறையும், ஏனென்றால் வளைவுக்கு எதிரான வலு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. காதுகளை நெருக்கி அந்த இடைவெளியைக் குறைத்தாலும் தகைவு இறங்கும்.

துளையின் தளர்வும் அதே அளவு கெடுதல் செய்யும். 30 மி.மீ. துளையில் 25 மி.மீ. பின் போட்டால் ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் 5 மி.மீ. ஓடி மோதும். பின்னின் நடுப்பகுதி பளபளத்து, தேய்ந்து, ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருப்பது இந்த மோதலின் அடையாளம்.

பின் தொலைந்துவிட்டால் கட்டடக் கம்பியில் ஒரு துண்டை வெட்டிச் செருகுவது எங்கும் காணும் காட்சி. கம்பிக்கு வலு இல்லை என்று சொல்ல முடியாது, மென் இரும்பைவிட அதற்கு வலு அதிகம். குறை அதன் வடிவில் இருக்கிறது. முறுக்கு வரிகளால் வளையம் கம்பி முழுக்கப் பதிந்து உட்காராமல் வரிமுனைகளில் மட்டும் தொடும். தலை கிடையாது, கீழே பூட்டும் துளையும் கிடையாது. முழு நீளமும் மரை போட்ட போல்ட்டைப் பின்னாக்குவதும் இப்படித்தான். மரையின் பள்ளத்தில்தான் விரிசல் தொடங்கும். லேத்தில் கடையச் சொல்வதானால் ஈ.என்.8 என்ற எஃகுத் தரத்தில் உருண்டைக் கம்பி கேட்பது நல்லது. தலையையும் அதே கம்பியில் கடைந்தெடுக்கச் சொல்ல வேண்டும். உடைந்த அச்சுத் துண்டைப் பின்னாக்கி அதில் தலையை வெல்டிங் வைத்தால், ஒட்டின இடத்தையொட்டி இரும்பு நொறுங்கும் தன்மை பெற்றுவிடும்.

பூட்டு

பின் ஒடிவதைவிடத் துள்ளி வெளியேறுவது சாலையில் ஆபத்தானது. இரண்டு சக்கர டிரெய்லரில் மூட்டைகளைப் பின்பக்கம் அடுக்கினால் முன்சட்டம் மேலே தூக்கும். வளையம் பின்னையும் சேர்த்து மேல்நோக்கி உந்தும். நான்கு சக்கர டிரெய்லரில் இந்த உந்துதல் குறைவு. கீழ்நுனித் துளையில் லின்ச் பின் போடுவது சிறந்தது, அதன் வில்வளையம் மடங்கிப் பூட்டிக்கொள்ளும். ஆர் கிளிப் வைக்கோல் உரசிக் கழன்றுவிடலாம். வளைத்த ஆணி, கட்டுக்கம்பி, தென்னங்கயிறு இவற்றைப் பூட்டு என்று கணக்கில் எடுக்கக் கூடாது. பூட்டு ஐந்து பத்து ரூபாய்ச் சமாச்சாரம் என்பதாலேயே அதை யாரும் மதிப்பதில்லை.

போல்ட்டும் நட்டும்

காதுத் தகடுகளை டிராக்டரின் உடலோடு பிடிக்கும் போல்ட்டுகளின் வேலை வேறு. அவை தகட்டை இறுக்கி அழுத்த, அதனால் எழும் உராய்வுதான் பாரத்தைத் தாங்குகிறது. போல்ட்டின் தலையில் பொறித்த எண்ணே அதன் வலுவைச் சொல்லும். 8.8 என்றால் அறுபடும் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன், அதில் 80 விழுக்காடாகிய 640 வரை நீண்டு மீளும். 10.9க்கு 1000, 900. எண்ணே இல்லாத சாதாரண போல்ட் பெரும்பாலும் 4.6 தரம், அதாவது 400, 240. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1367 இதே முறையைப் பின்பற்றுகிறது. கொக்கிக்கு 8.8க்குக் குறையாமல் போட வேண்டும், நட்டும் அதற்கு இணையான 8ஆம் தரமாக இருக்க வேண்டும்.

16 மி.மீ. 8.8 போல்ட்டை முறையாக இறுக்க, ஒரு மீட்டர் குழாய் மாட்டிய ஸ்பேனர் நுனியில் 20 கிலோவுக்குச் சற்று மேல் அழுத்தம் வேண்டும். அப்போது அது தகடுகளை ஏறத்தாழ 7 டன் விசையோடு நெரிக்கும். கைஸ்பேனரில் முழங்கை மடக்கி இறுக்கினால் அதில் பாதிகூட வராது. சில நாளில் தகடு நகர்ந்து, துளை முட்டை வடிவமாகி, போல்ட் அறும். அறுந்தது தரம் குறைந்த போல்ட் என்று பேச்சு எழும்.

அளவில் ஒரு குழப்பம் ஊருக்கே உரியது. பட்டறையில் இன்றும் நூல் கணக்குதான், எட்டு நூல் ஓர் அங்குலம். ஐந்து நூல் போல்ட் 15.9 மி.மீ., எம்16 போல்ட் 16 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஆனால் மரை வேறு: எம்16இல் மரையிடைவெளி 2 மி.மீ., ஐந்து நூலில் அங்குலத்துக்கு 11 மரை. மாற்றிப் போட்டால் ஓரிரு சுற்று சுகமாக ஏறி இறுகிவிடும். இறுகிவிட்டது என்று நம்பி ஓட்டினால் பிடித்திருப்பது அந்த ஓரிரு மரை மட்டுமே.

துரு

ஐப்பசி, கார்த்திகை மழையில் பின்னும் துளையும் துருவேறி ஒட்டிக்கொள்ளும். துருவைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியிலேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்டது. துத்தநாக முலாம் பூசிய போல்ட் துருவைத் தள்ளிப்போடும். ஆனால் மின்முலாம் பூசும்போது ஹைட்ரஜன் இரும்புக்குள் புகும். 12.9 போன்ற மிகக் கடின போல்ட்டுகள் அதனால் சில நாளில் எச்சரிக்கையின்றி ஒடியக்கூடும். பளபளப்புக்கும் பெரிய எண்ணுக்கும் சேர்த்து ஆசைப்படாமல் 8.8இல் நிற்பதற்கு இது இன்னொரு காரணம். பின்னுக்கு முலாம் தேவையில்லை, உரசலில் அது நிற்காது. கிரீஸ் போதும்.

பின் கழன்றாலும் வண்டி பிரியாதிருக்கக் காப்புச் சங்கிலி வேண்டும். அதைப் பின்னிலோ காதுத் தகட்டிலோ மாட்டினால் பயனில்லை, இரண்டு பக்கமும் சட்டத்தில் தனியாகப் பிடிக்க வேண்டும். பின்னின் தேய்மானம் பத்தில் ஒரு பங்கை எட்டினால், அதாவது 30 மி.மீ. பின் 27 ஆனால், மாற்றிவிடலாம். கழற்றிய பின்னைக் கருவிப்பெட்டியில் போட்டு வைத்தால் அறுவடை அவசரத்தில் அதுவே திரும்ப ஏறும். இரண்டாக அறுத்துப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிட வேண்டும்.