மூன்று புள்ளிக் கோடு வந்த வழி

கூடைப்பந்தில் விழுந்த முதல் கூடையே தூரத்திலிருந்து எறிந்ததுதான் என்பார்கள். 1891 டிசம்பர், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு. ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இரண்டு பீச் பழக்கூடைகளை ஆணியடித்து மாட்டியிருந்தார். அன்றைய ஆட்டம் 1-0 என்று முடிந்தது. ஏறக்குறைய 25 அடி தூரத்திலிருந்து எறிந்து அந்த ஒரே கூடையைப் போட்டவர் வில்லியம் சேஸ் என்ற மாணவர். கூடைக்கு அடியிலேயே நின்று போட்டிருந்தாலும் அவருக்கு அதே ஒரு புள்ளிதான். அமெரிக்கக் கால்பந்தில் இன்றும் அப்படித்தான் நடக்கிறது: 20 கஜத்திலிருந்து உதைத்தாலும் 60 கஜத்திலிருந்து உதைத்தாலும் ஃபீல்டு கோலுக்கு மூன்று புள்ளி. கூடைப்பந்தில் தூரத்துக்குத் தனி விலை வைக்கலாம் என்று யாரோ ஒருவருக்குத் தோன்றி, அது களத்தில் சோதிக்கப்படவே அரை நூற்றாண்டு ஆனது.

அந்த யோசனையின் சொந்தக்காரர் ஹோவர்ட் ஹாப்சன். 1939-இல் முதல் தேசியக் கல்லூரிப் போட்டியை வென்ற ஆரிகன் அணியின் பயிற்சியாளர். பத்திரிகைகள் நெடுமரங்கள் என்று பட்டப்பெயர் வைக்கும் அளவுக்கு வளர்ந்த பையன்களை வைத்துக் கோப்பை வாங்கியவர்தான், குட்டையானவர்களுக்கும் ஆட்டத்தில் இடம் வேண்டும் என்று கிளம்பினார். மேல்படிப்புக்காக நியூயார்க் வந்த இடத்தில், 1945 பிப்ரவரி 7 அன்று கொலம்பியா, ஃபோர்டாம் கல்லூரிகளைச் சம்மதிக்க வைத்து 21 அடியில் ஒரு கோடு போட்டு ஆடச் சொன்னார். கோட்டுக்கு வெளியிலிருந்து இரு அணிகளும் சேர்ந்து 20 கூடைகள் போட்டன. கொலம்பியா 73-58 என்று ஜெயித்தது. அத்தோடு அந்தக் கோட்டை எல்லோரும் மறந்துபோனார்கள்.

அடுத்த கட்டம் ஒரு கோபத்தில் பிறந்தது. ஏப் சேப்பர்ஸ்டீன் லண்டனில் பிறந்து சிகாகோவில் வளர்ந்தவர். ஐந்தடிக்குக் கொஞ்சம்தான் மேல். ஆனால் ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் என்ற வேடிக்கைக் கூடைப்பந்துக் குழுவை ஊர் ஊராக, நாடு நாடாகக் கொண்டுபோய்க் காசு பார்த்தவர். லாஸ் ஏஞ்சலஸில் ஓர் என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) அணி தனக்குக் கிடைக்கும் என்று நம்பியிருந்தார். 1960-இல் மினியாபொலிஸ் லேக்கர்ஸ் மூட்டை முடிச்சோடு அந்த ஊருக்கே குடிபெயர்ந்தது. ஏமாந்த சேப்பர்ஸ்டீன் 1961-இல் சொந்தமாக ஒரு லீக்கையே தொடங்கிவிட்டார். கூட்டம் சேர்க்க ஒரு புதுமை வேண்டுமே! மூன்று புள்ளிக் கோடு மறுபடி எடுத்தாளப்பட்டது. அவரும் பயிற்சியாளர் ரே மேயரும் ஒருநாள் ஆடுகளத்தில் இறங்கி, நின்று பார்த்து, 25 அடி சரியாக இருக்கும் என்று கண்மதிப்பில் முடிவு செய்தார்களாம். ஆய்வும் இல்லை, கணக்கும் இல்லை. லீக் 1962 கடைசியிலேயே இழுத்து மூடப்பட்டது.

லீக் செத்தாலும் கோடு சாகவில்லை. 1967-இல் ஏபிஏ என்ற போட்டி லீக் முளைத்தபோது அதன் தலைவர் ஜார்ஜ் மைக்கன் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இதைவிட வினோதமான புரவலர் கிடைத்திருக்க மாட்டார். ஆறடி பத்து அங்குல மைக்கன், கூடைக்கு அடியில் நின்றே எதிரணிகளை அழவைத்தவர். அவரிடம் பந்து போகக் கூடாது என்பதற்காகவே 1950-இல் ஃபோர்ட் வெய்ன் அணி பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு 19-18 என்று ஜெயித்தது. அவருக்காகவே என்பிஏ கூடைக்கு முன்னாலிருக்கும் கட்டத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக அகலப்படுத்தியது. அந்த மனிதர் கையால்தான் தூரத்து எறிதலுக்குப் பட்டாபிஷேகம் நடந்தது.

ஏபிஏ 1976-இல் என்பிஏவுக்குள் கரைந்தது. மூன்று ஆண்டு யோசித்த பிறகு, 1979-இல் என்பிஏவும் கோடு போட்டது. அக்டோபர் 12 அன்று பாஸ்டனில் கிறிஸ் ஃபோர்டு எறிந்ததே கணக்கில் முதலாவது. அன்றுதான் லாரி பேர்டு அறிமுகமானார். எல்லோரும் அவரைப் பார்க்க வந்த கூட்டம். ஃபோர்டை யார் கவனித்திருப்பார்கள்? அந்த ஆண்டு ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக மூன்று முறைகூடத் தூரத்திலிருந்து எறியவில்லை. இன்றைய சராசரி 35-க்கும் மேல்.

கல்லூரிகள் 1986-இல் நாடு முழுவதும் 19 அடி 9 அங்குலத்தில் கோடு போட்டன. இந்தியானா பயிற்சியாளர் பாப் நைட்டுக்கு இந்த விதியே பிடிக்காது, வெளிப்படையாகத் திட்டினார். அந்தப் பருவத்து இறுதி ஆட்டத்தில் அவருடைய மாணவர் ஸ்டீவ் ஆல்ஃபர்டு 10 முறை எறிந்து 7 கூடைகள் போட்டார். சிராக்யூஸை 74-73 என்று வென்ற நைட் கோப்பையோடு வீடு போனார்.

1984-இல் சர்வதேசக் கூட்டமைப்பு இதைக் காப்பியடித்து 6.25 மீட்டரில் போட்ட கோடு, மூன்றே ஆண்டில் அமெரிக்காவைக் கடித்தது. 1987 ஆகஸ்டில் இந்தியானாபொலிஸில் பான் அமெரிக்கப் போட்டியின் இறுதி ஆட்டம். பாதி நேரத்தில் பிரேசில் 14 புள்ளி பின்தங்கியிருந்தது. பிறகு ஆஸ்கர் ஷ்மிட் தூரத்திலிருந்து எறியத் தொடங்கினார். மொத்தம் 46 புள்ளி அவருடையது. அமெரிக்கா சொந்த மண்ணில் 120-115 என்று தோற்றது. கண்டுபிடித்தவர்களுக்கே அதை எப்படிப் பயன்படுத்துவது என்று வெளியூர்க்காரர் பாடம் எடுத்தார். சர்வதேசக் கோடு பிற்பாடு 6.75 மீட்டருக்குத் தள்ளிப்போனது; 2019-இல் அமெரிக்கக் கல்லூரி ஆடவர் அணிகள் அந்த அளவையே எடுத்துக்கொண்டன.

என்பிஏவில் ஸ்டெஃப் கரி 2015-16 பருவத்தில் 402 மூன்று புள்ளிக் கூடைகள் போட்டதை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட ப்ரூக் லோபஸ் கதைதான் முக்கியம். ஏழடி உயரம், முதல் எட்டுப் பருவங்களில் மொத்தமே மூன்று த்ரீதான் போட்டிருந்தார். ஒன்பதாவது பருவத்தில் மட்டும் 134. குட்டையானவர்களுக்காக ஹாப்சன் போட்ட கோட்டுக்கு வெளியே நெட்டையர்களும் வந்து நின்றுகொண்டார்கள். அந்த மோகம் ஏறிக்கொண்டே போன 2018-இல், ஹூஸ்டன் அணி மேற்குப் பிரிவு இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் தொடர்ந்து 27 முறை எறிந்து ஒன்றுகூட விழாமல் தோற்றது.

கோட்டை இன்னும் தள்ளிப் போடு என்று ரசிகர்கள் சண்டை போடுகிறார்கள். எனக்கு அந்தக் கட்சியில் சேர விருப்பமில்லை. தொல்லை மூலையில் இருக்கிறது. என்பிஏ கோடு நடுவில் 23 அடி 9 அங்குலம்; மூலையில் 22 அடி. ஆடுகளத்தின் அகலம் 50 அடி, கூடை நட்டநடுவில். அதே வளைவை மூலை வரை இழுத்தால் வெளிக்கோட்டுக்கு 15 அங்குலம்தான் மிஞ்சும். ராட்சதப் பாதம் கொண்ட ஆட்டக்காரர் அங்கே எப்படி நிற்பார்? அதற்காகக் கோட்டை உள்ளே இழுத்தார்கள். 21 அங்குலம் குறைவான தூரம், அதே மூன்று புள்ளி. அணிகளெல்லாம் மூலைக்கு ஓர் ஆளை நிறுத்திவைப்பது இந்த இடப் பற்றாக்குறையால்தான். மூலையில் கோட்டை அழித்துவிட்டு இரண்டு புள்ளி போதும் என்று சொல்லலாம். அல்லது களத்தை அகலமாக்கலாம். இரண்டாவது நடக்காது. ஓரத்து முதல் வரிசை நாற்காலிகள் ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்கின்றன. அவற்றைப் பெயர்த்தெடுக்க எந்த முதலாளியும் சம்மதிக்க மாட்டார்.