ஜாஸ் கல்வி: பழைமையும் புதுமையும்

ஜாஸ் கற்போர் முதலில் பழைய நியூ ஆர்லியன்ஸ் முறையைப் பயில வேண்டுமா, நேரே புதுமுறையில் இறங்கலாமா என்னும் வாதம் அமெரிக்காவில் நெடுங்காலமாக நடந்து வருகிறது. பழைமை என்றவுடன் முகஞ்சுளிப்பது சீர்திருத்தக்காரர் வழக்கம். நாமும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவரே. எனினும் இவ்விஷயத்தில் சரித்திரம் நம்மைச் சிறிது நிதானிக்கச் செய்கிறது. தோட்டத்துக் கிராணிக்குச் சங்கீதத்தில் என்ன வேலை என்பார் இருக்கலாம். முன்பக்க இருப்பை எழுதாமல் கணக்கேட்டில் புதுப்பக்கம் தொடங்குவதில்லை என்ற அளவு நமக்குத் தெரியும்.

அடிமைப்பட்டிருந்த கறுப்பினத்தாரின் சந்ததியார் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஆக்கிய இசை இது. ஊர்வலங்களிலும் சவ அடக்கங்களிலும் பித்தளை வாத்தியக் கோஷ்டியின் பின்னே நடந்து, காதால் கேட்டே சிறுவர் பலர் கற்றனர். 1940-களில் சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி முதலியோர் நியூயார்க்கில் 'பீபாப்' என்னும் புதுமுறையை வளர்த்தபோது, பழைய கட்சியார் அது ஜாஸே அன்று என்றனர்; புதிய கட்சியார் அவர்களைப் பூஞ்சணம் பிடித்தோர் என்று ஏசினர். ஆனால் அந்தப் பார்க்கர் எங்ஙனம் கற்றார்? 1937-ம் ஆண்டுக் கோடையில், தமக்கு மூத்தவரான லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளை ஓயாமல் கேட்டு மனனம் செய்தார். பழையதை அறியாதவர் அல்லர் அதனை மீறியவர்.

இனி, கலாசாலையைப் பார்ப்போம். 1947-ல் டெக்ஸாஸ் மாகாணத்து டென்டன் நகரக் கலாசாலை ஒன்று இவ்விசைக்கு முதன்முதலாகப் பட்டப்படிப்பு ஏற்படுத்திற்று. 'ஜாஸ்' என்னும் சொல்லே கௌரவக் குறைவென்று அதற்கு நடன வாத்தியப் படிப்பு என்று பெயரிட்டனர். பெயரில் என்ன என்று விட்டுவிடலாம். ஆனால் அக்கலாசாலை கறுப்பின இளைஞரைப் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொண்டது 1956-ல்தான்! இசையை ஆக்கியவரின் பிள்ளைகள் ஒன்பதாண்டுகள் வாயிலுக்கு வெளியே நிற்க, உள்ளே அவ்விசை பாடமாக நடந்தது. பழைமையா புதுமையா என்று மன்றாடும் வித்வான்கள் இதனை ஏனோ பேசுவதில்லை.

டானி பார்க்கர் என்பவர் கதை வேறு. 1909-ல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்த அவர், நியூயார்க் சென்று காப் காலோவே கோஷ்டியில் கில்லெஸ்பியோடு ஒரே மேடையில் கிட்டார் வாசித்தவர். 1965-ல் ஊர் திரும்பியபோது, தெருவில் பித்தளை வாத்தியம் வாசிக்க இளைஞர் அருகிவிட்டனர். 1970-களின் தொடக்கத்தில் பேர்வியூ என்னும் சிறு கிறிஸ்தவக் கோவிலில் பிள்ளைகளைச் சேர்த்துப் பழைய நடையணிப் பாட்டுகளைக் கற்பித்தார். பிற்காலத்தில் புகழ்பெற்ற விண்டன் மார்சாலிஸ் சிறுவனாக அங்கே வாசித்தவரே. வாத்தியக்காரர் சங்கத்தார் தங்கள் பிழைப்புக்குப் பங்கம் என்று ஆட்சேபித்ததால் பார்க்கர் விலக நேர்ந்தது.

பிள்ளைகள் விலகவில்லை. அவ்வழி வந்தோர் சிலர் 1977-ல் 'டர்ட்டி டஸன்' என்னும் கோஷ்டி அமைத்து, ஊர்வல வாத்தியங்களிலேயே பீபாப் மெட்டுகளை விரைந்த தாளத்தில் வாசித்தனர். பழைய வாத்தியக்காரர் சிலர் முணுமுணுத்தனர்; தெருவிலிருந்தோர் ஆடினர்.