நிதானமாக உண்ணுதல்: ஃப்ளெட்சர் முதல் குடல் ஹார்மோன்கள் வரை

எடை குறைய வேண்டுமானால் நிதானமாக மென்று உண்ண வேண்டும் என்பது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நூறாண்டுக்கு மேலாகச் சொல்லப்பட்டுவரும் அறிவுரை. அறிவுரை அப்படியே இருக்க, அதற்கான காரணங்கள்தான் அடுத்தடுத்து மாறின.

முதலில் இதை இயக்கமாக்கிய ஹொரேஸ் ஃப்ளெட்சர் (1849–1919) மருத்துவர் அல்லர், அமெரிக்க வணிகர். பருமனால் ஆயுள் காப்பீடு மறுக்கப்பட்டவர். பசித்தால் மட்டுமே உண்பது, வாயிலிட்டது கூழாகித் தானே தொண்டையில் இறங்கும்வரை மெல்வது என்று 1898இல் தொடங்கினார். 200 பவுண்டைத் தாண்டியிருந்த எடை சில மாதங்களில் 40 பவுண்டுக்கு மேல் குறைந்தது. பாலைக்கூட மென்று விழுங்கச் சொன்னார்! நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் சில ஆண்டுகள் தீவிரமாகப் பின்பற்றி, பிறகு தம் வயிற்றுக் கோளாறுக்கு அதையே குறைசொல்லிக் கைவிட்டார்.

நன்கு மென்றால் உணவு வீணாகாது, கொஞ்சம் உண்டாலே போதும் என்பது ஃப்ளெட்சரின் விளக்கம். அவரைச் சோதித்த யேல் பல்கலைக்கழகத்தின் ரஸ்ஸல் சிட்டெண்டன், படைவீரர்கள் உள்ளிட்டோரிடமும் ஆய்வு நடத்தி 1904இல் நூலாக்கினார். கார்ல் ஃபாய்ட் வகுத்திருந்த நாளொன்றுக்கு 118 கிராம் புரதம் என்ற அளவில் ஏறத்தாழப் பாதியே போதும் என்பது அவர் கண்ட முடிவு. அது புரதத்தைப் பற்றியது, மெல்லுவதைப் பற்றியதன்று. ஃப்ளெட்சரின் எடை குறைந்ததில் மென்றதன் பங்கு எவ்வளவு, பசியில்லாதபோது உண்ணாததன் பங்கு எவ்வளவு என்ற கேள்வி அப்படியே நின்றது.

அறுபதுகளில் நடத்தையியலார் இதை வேறு வழியில் கையிலெடுத்தனர். ஃபெர்ஸ்டரும் உடனாய்வாளர்களும் 1962இல் உண்பதை ஒரு பழக்கமாகப் பகுத்துக் காட்டினர். 1967இல் ரிச்சர்ட் ஸ்டூவர்ட் எட்டுப் பேருக்கு அளித்த சிகிச்சையை வெளியிட்டார். சாப்பாட்டின் நடுவே சில நிமிடம் கைநிறுத்துவது, வாயிலுள்ளதை விழுங்கியபின்பே அடுத்த கவளம், உண்ணும்போது படிப்பதோ தொலைக்காட்சி பார்ப்பதோ கூடாது என்பவை அவர் விதிகள். ஓராண்டில் எல்லோருக்கும் எடை குறைந்தது. இன்று தியான மரபோடு சேர்த்துப் பேசப்படும் ‘சாப்பாட்டில் மட்டும் கவனம்’ என்ற விதி, இங்கே பழக்கத்தைத் துண்டிக்கும் உத்தியாகவே இருந்தது. ஆனால் இதுவும் பல விதிகளின் தொகுப்பு. எந்த விதி பலித்தது என்று பிரித்தறிய வழியில்லை.

தியான வழியில் வந்தது வேறொரு கிளை. ஜான் கபட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய பயிற்சியில் ஓர் உலர்திராட்சையை மெல்ல ருசிப்பதும் ஒரு பாடம். ஜீன் கிறிஸ்டெல்லர் 1999இல் வெளியிட்ட முன்னோட்ட ஆய்வில் கட்டுக்கடங்காமல் உண்ணும் தடவைகள் குறைந்தன, எடையோ குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை. கவனத்தோடு உண்பதை எடைக் குறைப்பு முறையாக விற்பவர்கள் இதை அதிகம் சொல்வதில்லை.

நிதானமாக உண்டால் நிறைவை உணர்த்தும் ஹார்மோன்களுக்கு நேரம் கிடைக்கும் என்ற உடலியங்கியல் விளக்கம் தனியே வளர்ந்தது. கோலிசிஸ்டோகைனின் என்ற குடல் ஹார்மோன் எலிகளின் உணவைக் குறைக்கிறது என்று 1973இல் கிப்ஸ், யங், ஸ்மித் காட்டினர். வேகத்தை மட்டும் மாற்றிப் பார்த்தது ஏதென்ஸ் ஆய்வு (2010). 17 ஆண்களுக்கு 300 மி.லி. ஐஸ்கிரீம், ஒருமுறை 5 நிமிடத்தில், மறுமுறை 30 நிமிடத்தில். அரைமணி நேரம் பொறுமையாக உண்டபோது, நிறைவுணர்வோடு தொடர்புடைய பிஒய்ஒய், ஜிஎல்பி-1 ஆகிய இரண்டு குடல் ஹார்மோன்களும் அதிகமாகச் சுரந்தன. பசியைத் தூண்டும் கிரெலினில் வேறுபாடு இல்லை. வேகத்தின் விளைவு இங்கே தனியாகத் தெரிந்தாலும், அளந்தது ஒரு வேளை உணவை மட்டுமே, எடையை அன்று.