இடைச்செருகல்

ஏட்டுச்சுவடியில் பிற்காலத்தவர் யாரோ நுழைத்துவிட்ட வரிகளை இடைச்செருகல் என்போம். வகுப்பில் நான் அடிக்கடி சொல்லும் சொல். ஒரு குழந்தையின் மரபணுவிலும் அது நேரும் என்பதை மிலாவைப் பற்றிப் படித்தபோதுதான் அறிந்தேன்.

2010இல் பிறந்த அமெரிக்கச் சிறுமி மிலா. பேச்சு திக்கியது, நடை தடுமாறியது, பார்வை மங்கியது. தாய் ஜூலியா விட்டரெல்லோ நிபுணர் மாற்றி நிபுணராக அலைந்தார். 2016இன் இறுதியில்தான் நோயின் பெயர் தெரிந்தது: பேட்டன். நரம்பணுக்களைச் சிதைத்து இளம்வயதிலேயே உயிரைப் பறிப்பது. தாய், தந்தை இருவர் வழியாகவும் பழுது வந்தால்தான் மிலாவுக்கு வந்த வகை உண்டாகும். தந்தைவழிப் பழுது தெரிந்தது. தாய்வழிப் பழுது சோதனைகளில் சிக்கவில்லை. (பிள்ளைக்கு ஒன்றென்றால் தாயின் வயிற்றைப் பழிக்கும் நம் வழக்கம் நினைவுக்கு வந்தது.)

 மிலாவின் தம்பிக்கும் நோய் உண்டா என்று அறிய, விடுபட்ட அந்தப் பாதி தெரிய வேண்டியிருந்தது. முகநூலில் உதவி கேட்டார். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் டிமதி யூ முன்வந்தார். 2017இல் அவர் குழு கண்டது, ஏறத்தாழ 2000 எழுத்து நீளமுள்ள ஓர் இடைச்செருகல். தம்பிக்கு நோய் இல்லை.

செருகலை நீக்க முடியாது; உயிரணு அதைப் படிக்காமல் தாண்டிப்போகச் செய்யலாம். அதற்காக 22 எழுத்தில் ஒரு மருந்தை எழுதினார்கள். பெயர் மிலாசென். 2018 ஜனவரியில் முதுகுத்தண்டு நீரில் முதல் ஊசி. நாளுக்கு 15 முதல் 30 வரை வந்த வலிப்புகள் குறைந்தன, நேரமும் சுருங்கியது. வீட்டில் பெற்றோர் எழுதிவைத்த குறிப்புகளும் இதற்குச் சான்று. தாய் சொன்னால் மிகை என்று தள்ளிப் பழகிய மருத்துவத்தில் இது சிறிய செய்தியல்ல.

ஜூலியாவைப் போராளித் தாய் என்று புகழ்கிறார்கள். எனக்கு அந்தப் புகழ்ச்சியில் உடன்பாடில்லை. தேடியது, அறக்கட்டளை தொடங்கிப் பணம் திரட்டியது என்று ஒரு மருத்துவ அமைப்பு சுமக்க வேண்டிய வேலையில் பெரும்பங்கு சம்பளமில்லாமல் ஒரு பெண்ணின் தலையில் விழுந்தது. வீடு வீடாகப் பாத்திரம் தேய்க்கும் ஒருத்தியின் மகளுக்கு இந்த நோய் வந்திருந்தால், எந்த முகநூலில் யாரைக் கேட்டிருப்பாள்?

இழந்த பார்வை மிலாவுக்குத் திரும்பவில்லை. மருந்து வந்தபோது நோய் முற்றியிருந்தது. 2021 பிப்ரவரியில், 10 வயதில், இறந்தாள். அவளுடைய செருகலுக்கென்றே எழுதப்பட்ட அந்த மருந்தை அவளைத் தவிர வேறு யாருக்கும் செலுத்தியதில்லை. ஜூலியா இப்போது மற்றப் பிள்ளைகளுக்கான மருந்துகளுக்காக உழைக்கிறார்.