வேலியிட்ட ஊரும் வேலி கடந்த கவிஞனும்

ஓர் ஊரின் வரலாற்றைக் கற்கள் சொல்லும், ஆவணங்களும் சொல்லும். அவை சொல்லாது விட்டவற்றைக் கவிஞன் ஒருவன் எழுதிவைத்த ஊர், இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியிலுள்ள ஹெல்ப்ஸ்டன்.

பீட்டர்பரோ நகருக்கு வடமேற்கே அமைந்த சிற்றூர் அது. அருகே உரோமானியர் அமைத்த நெடுஞ்சாலை செல்கிறது. ஊர் நடுவே இடைக்காலக் கற்சிலுவை ஒன்றும், தூய போட்டால்ஃப் தேவாலயமும் நிற்கின்றன. வடக்கே சதுப்புநிலச் சமவெளி. தெற்கே சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம். ஊரைச் சூழ்ந்து வேலியற்ற மூன்று பெருவயல்கள் கிடந்தன. உழவர்க்கு அவற்றில் நீண்ட கீற்றுகளாகப் பங்கு உண்டு. சொந்த நிலமற்ற ஏழைகளும் மந்தைவெளியில் பசு மேய்த்தனர், விறகு பொறுக்கினர்.

இவ்வூரில் 1793 ஜூலை 13 அன்று பிறந்தார் ஜான் கிளேர். தந்தை பார்க்கர் கிளேர் கதிரடிக்கும் கூலியாள். நாட்டுப் பாடல்கள் பலவற்றை மனப்பாடமாகப் பாடுபவர். தாய் எழுத்தறியாதவர். இவர்களுடைய மகனே பின்னாளில் ஆங்கில இயற்கைக் கவிதையின் தலையாய குரல்களுள் ஒன்றானார்.

1809-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஹெல்ப்ஸ்டனையும் அண்டை ஊர்களையும் மாற்றியது. பொதுநிலங்கள் அளக்கப்பட்டுத் தனியுடைமையாயின. ஓடைகள் நேராக்கப்பட்டன, மரங்கள் வீழ்ந்தன, பழகிய ஒற்றையடிப் பாதைகள் அடைபட்டன. இதில் ஒரு கொடுமை உண்டு. வயிற்றுப்பாட்டுக்காகக் கிளேரும் அந்த உயிர்வேலிகளுக்குச் செடி நட்டார். தம் மேய்ச்சல் வெளியைத் தாமே அடைத்த கை, இரவில் அதைப் பற்றி எழுதியது.

நிலப் பங்கீட்டின் இறுதித் தீர்ப்பு வெளியானது 1820-இல். கிளேரின் முதல் கவிதை நூல் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். ஊரின் பழைய உருவம் சட்டப்படி மறைந்த ஆண்டிலேயே அது அச்சேறியது! நூலுக்கு விரைவிலேயே நான்கு பதிப்புகள் வந்தன. கீட்சின் நூல்களையும் வெளியிட்ட ஜான் டெய்லரே பதிப்பாளர். அவர் கிளேரின் எழுத்தையும் இலக்கணத்தையும் திருத்தினார். எனினும் வட்டாரச் சொற்கள் பல எஞ்சின. இலண்டன் வாசகர்க்காக நூலின் இறுதியில் அருஞ்சொற்பொருள் சேர்க்க வேண்டியிருந்தது. நத்தை ஓட்டை அவ்வூரார் ‘பூட்டி’ என்றனர். கிளேரும் அவ்வாறே எழுதினார். அத்தகைய சொற்களை உயர்ந்தோர் பிழையெனக் கருதினர். அவையே இன்று அவ்வூரின் மரபுச் செல்வம்.

1832-இல் கிளேர் குடும்பம் நார்த்பரோவுக்குப் பெயர்ந்தது. இடைத்தொலைவு மூன்று மைல்தான். ஆயினும் ஒவ்வொரு புதரையும் அறிந்த அவருக்கு அது அயல்நாடாயிற்று. 1837-இல் மனநோய் விடுதியில் சேர்க்கப்பட்டார். 1841 ஜூலையில் அங்கிருந்து தப்பி, வழியில் புல்லைத் தின்று பசியாற்றியபடி, ஏறக்குறைய எண்பது மைல் நடந்து வீடு சேர்ந்தார். அவ்வாண்டு இறுதியில் நார்த்தாம்டன் விடுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1864-இல் அங்கேயே மறைந்தார். உடல் மட்டும் ஹெல்ப்ஸ்டன் திரும்பியது. தேவாலய முற்றத்தில் அடங்கியது.

ஊருக்கு அருகே ‘ஸ்வார்டி வெல்’ என்னும் பழைய கற்சுரங்க நிலம் உண்டு. ஒரு கவிதையில் அந்த நிலத்தையே பேசவைத்து, தன் இழப்பைத் தானே முறையிடச் செய்தார் கிளேர். பிற்காலத்தில் குப்பை கொட்டும் இடமாகவும் சீரழிந்த அந்நிலம், இந்நூற்றாண்டில் இயற்கைக் காப்பிடமாக மீண்டது. கிளேர் பிறந்த குடில் 2005-இல் அறக்கட்டளை ஒன்றால் வாங்கப்பட்டு நினைவில்லமாயிற்று. புல்தரைத் துண்டில் காட்டுப்பூக்களைச் செருகி வீட்டில் வைக்கும் வேனிற்கால வழக்கத்தைக் கிளேர் பதிவுசெய்திருந்தார். அதன்படி பள்ளிச் சிறார் அவர் கல்லறையில் பூத்திண்டுகளை வைக்கின்றனர். ஏட்டில் எழுதியதால் மீண்ட வழக்கம் இது.

பத்தாண்டு கண்ட நம் வட்டத்தின் கவிஞர் நெஞ்சில் இருத்த வேண்டிய செய்தி இதுவே. நிலத்தைக் காக்கும் ஆற்றல் கிளேருக்கு இல்லை. அதன் பெயர்களைக் காக்கும் ஆற்றல் இருந்தது. மீட்க வந்தவர்க்கு அப்பெயர்களே வழிகாட்டின.