1869: ஒரே வருஷம், ரெண்டு தீவு, ஒரு இலை

இன்னைக்கு எபிசோடை ஒரு டீக்கடையில இருந்து ஆரம்பிக்கிறேன். நம்ம தெருமுனைக் கடை இல்ல. தைவான் தலைநகர் தைபேயில, தம்சுய் ஆத்தங்கரையில தாதாவோச்செங்னு ஒரு பழைய வியாபாரப் பகுதி இருக்கு. அங்க இருக்கிற கடை. பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. மூடி போட்ட சின்னப் பீங்கான் கிண்ணத்துல இலையைப் போட்டு, சுடுதண்ணி ஊத்தி, கொஞ்ச நேரத்துலயே வடிச்சுக் கொடுத்தாங்க.

முதல்ல பாவ்ஜோங், பூ வாசம். அடுத்து சீனாவோட அன்ஷியிலிருந்து வந்த டியேகுவான்யின். அப்புறம் நல்லா வறுத்த டோங்டிங். கடைசியா ஓரியண்டல் பியூட்டி. குடிச்சா தேன் மணக்குது, ஆனா தேன் சேர்க்கல. ஒரு குட்டித் தத்துப்பூச்சி கொழுந்தைக் கடிக்கும்போது, செடி தன்னைக் காப்பாத்திக்கச் சுரக்கிறதுல வர்ற வாசம் அது. பூச்சி வரணும்னா மருந்து அடிக்கக் கூடாது.

கடைக்காரப் பெரியவர் இலையைக் கையில எடுத்து "தே"ன்னு சொன்னார். எனக்கு ஒரு நிமிஷம் தூக்கிவாரிப் போட்டுச்சு. நம்ம 'தேயிலை'யில இருக்கிற அதே 'தே'! ஃபூஜியான் கரையோர மக்கள் பேசின சொல் அது. கப்பலேறி ஐரோப்பா போய், நம்மகிட்டயும் வந்து சேர்ந்திருக்கு.

அந்தக் கடை இருக்கிற தெருவுக்கும் ஒரு கப்பல் கதை உண்டு. 1860களில் தம்சுய் துறைமுகம் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்தது. ஜான் டாட் என்ற பிரிட்டிஷ் வியாபாரியும், அவருடைய வலதுகையாக இருந்த சியாமென்காரர் லி சுன்ஷெங்கும் அன்ஷியிலிருந்து தேயிலை நாற்றுகளைக் கொண்டுவந்தார்கள். விவசாயிகளுக்குக் கடன் கொடுத்து நடவைத்தார்கள். 1869இல் ரெண்டு பாய்மரக் கப்பல்களில் 2,131 பிக்குல், அதாவது சுமார் 1,27,000 கிலோ ஊலாங், 'ஃபார்மோசா டீ' என்ற பெயரில் நேராக நியூயார்க் போனது. தாதாவோச்செங் பணக்காரத் தெருவா மாறிச்சு.

அதே 1869. இன்னொரு தீவு, இலங்கை. அங்க காப்பிச் செடியோட இலைகள்ல துருநோய் தென்பட ஆரம்பிச்சது. அடுத்த இருபது வருஷத்துக்குள்ள காப்பித் தொழில் படுத்துடுச்சு. அந்த இடத்துக்குத் தேயிலை வந்தது. 1867இலேயே லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் அதை நட்டிருந்தார்.

இதுல நமக்கு என்ன? காப்பிக்கு ஆள் தேவைப்பட்டது பெரும்பாலும் பருவத்துக்குத்தான். தமிழ்நாட்டுல இருந்து போனவங்கள்ல நிறைய பேர் அறுவடை முடிஞ்சதும் ஊர் திரும்பிடுவாங்க. தேயிலை அப்படி இல்ல. வருஷம் முழுக்கக் கொழுந்து பறிக்கணும். அதனால குடும்பம் குடும்பமா லயங்கள்ல தங்கிட்டாங்க.

எங்க அம்மாச்சி அப்படி ஒரு லயத்துல, பதுளைப் பக்கம் பிறந்தவங்க. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம், தான் பார்த்தே இராத 'சொந்த நாட்டுக்கு' அனுப்பப்பட்டு, கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தாங்க. கடைசி வரைக்கும் அவங்க குடிச்சது தூள் டீதான். "நல்லது கப்பல் ஏறிடும்"னு சொல்வாங்க.

தாதாவோச்செங்லயும் கடை வாசல்கள்ல வரிசையா உட்கார்ந்து இலை பொறுக்கினவங்க பெண்கள்தான். டாட், லி, டெய்லர்னு நான் இந்த எபிசோட்ல மூணு பேர் சொல்லிட்டேன். இலையைத் தொட்ட அந்தப் பெண்கள்ல ஒருத்தர் பேர்கூட எனக்குச் சொல்ல வரல.

கிளம்பும்போது ஓரியண்டல் பியூட்டி 50 கிராம் வாங்கினேன். விலை கை கடிச்சது. அம்மாச்சி இருந்திருந்தா சிரிச்சிருப்பாங்க: "பூச்சி கடிச்ச கொழுந்தா? கங்காணி கூடையோட கொட்டியிருப்பானே!"

அவங்க பேர் மாரியாயி. அதையாவது இந்த எபிசோட்ல பதிவு பண்ணிடுறேன். அடுத்த வாரம் பார்க்கலாம்.