நாத்திகர்கள் தம் கருத்தைத் திணிக்கிறார்களா? கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு பார்வை

சென்னையிலோ கோவையிலோ படிக்கும் பையன் விடுமுறைக்கு ஊர் திரும்புகிறான். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கிளம்பச் சொல்கிறார்கள். "எனக்கு அதில் நம்பிக்கை இல்லத்தா" என்கிறான். வீடே அதிர்ந்து போகிறது. அடுத்து எழும் குரல் பெரும்பாலும் ஒன்றுதான்: "நாத்திகர்கள் நம் பிள்ளை மனதில் இதையெல்லாம் திணித்துவிட்டார்கள்."

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி, பெரியகுளம் என்று முஸ்லிம்கள் தலைமுறைகளாக வாழும் நம் ஊர்களில் இந்தக் குற்றச்சாட்டு புதிதல்ல. இந்துச் சகோதரர்களும் கிறிஸ்தவர்களும் இதையே சொல்வதுண்டு. இது எந்த அளவுக்கு உண்மை? வரலாற்றையும் சட்டத்தையும் வைத்து, கோபப்படாமல் பார்ப்போம்.

எது திணிப்பு?

ஒருவர் தம் கருத்தைச் சொல்வது ஒன்று. பிறர் மனம் புண்படும்படி சொல்வது இன்னொன்று. ஏற்காவிட்டால் இழப்பு வரும் என்ற நிலையை உண்டாக்குவது மூன்றாவது. இந்த மூன்றையும் நாம் அடிக்கடி ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம்.

மேடையில் ஒருவர் கடவுள் இல்லை என்று பேசினால் கேட்பவர் எழுந்து போகலாம். மறுத்துப் பேசலாம். அடுத்த நாள் வேறு மேடை போட்டுப் பதில் சொல்லலாம். அவர் வேலையோ, வீடோ, சொத்தோ, உயிரோ இதனால் போகப்போவதில்லை. எனவே அது பிரச்சாரமே தவிர திணிப்பு அல்ல. மறுப்பவருக்குத் தண்டனை கிடைக்கும் இடத்தில்தான் திணிப்பு தொடங்குகிறது. அதற்கு அதிகாரம் வேண்டும். அரசின் அதிகாரமாகவோ, முதலாளியின் அதிகாரமாகவோ, குடும்பத்தின் அதிகாரமாகவோ அது இருக்கலாம்.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டைப் பார்ப்போம்.

உத்தமபாளையம் தரும் சான்று

தமிழ்நாட்டில் நாத்திகம் என்றாலே நினைவுக்கு வருவது தந்தை பெரியாரின் இயக்கம். அந்த இயக்கத்தின் வரலாற்றில் நம் உத்தமபாளையத்துக்கு ஓர் இடம் உண்டு. நீதிக்கட்சியின் முன்னணித் தலைவரான சர் பி.டி. ராஜன் 1892-ல் பிறந்தது இந்த ஊரில்தான். 1936-ல் சில மாதங்கள் சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராகவும் இருந்தார்.

1944-ல் சேலம் மாநாட்டில் பெரியார் நீதிக்கட்சியைத் திராவிடர் கழகமாக மாற்றினார். பி.டி. ராஜன் அந்தப் பாதையில் போகவில்லை. தேர்தலில் நிற்பதா, ஆங்கில அரசு தந்த பட்டங்களைத் துறப்பதா என்ற அரசியல் கேள்விகள் அந்தப் பிரிவில் முக்கியமாக இருந்தன. ஆனால் அவர் ஆழ்ந்த கடவுள் நம்பிக்கையாளர் என்பதும் ஊரறிந்த உண்மை. பழைய பெயரிலேயே கட்சியைத் தொடர்ந்தவர்களுக்குப் பின்னாளில் அவரே தலைமை தாங்கினார். 1952 தேர்தலில் கம்பம் தொகுதியில் நீதிக்கட்சியின் பெயரில் நின்று வென்றார்.

1950-ல் சபரிமலைக் கோயில் தீயில் எரிந்தபோது, புதிய ஐம்பொன் சிலை செய்வதில் முன்னின்றவரும் இவரே. அந்தச் சிலை தமிழகத்தின் ஊர்களில் ஊர்வலமாகக் கொண்டு செல்லப்பட்டு, 1951-ல் அங்கே நிறுவப்பட்டது. அதன் பின் மதுரை மீனாட்சி அம்மன் கோயில் திருப்பணியிலும் அவர் தலைமைப் பொறுப்பேற்றார்.

பெரியாரின் கடவுள் மறுப்புப் பிரச்சாரம் உச்சத்தில் இருந்த காலம் அது. ஒரே சமூகநீதி அரசியலிலிருந்து வந்த ஒருவர் பிள்ளையார் சிலையை உடைத்தார். இன்னொருவர் ஐயப்பன் சிலையை ஊர் ஊராகக் கொண்டு சென்றார். இருவரும் தத்தம் வழியில் போக இடம் இருந்தது.

அதே உத்தமபாளையத்தில் 1956-ல் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி தொடங்கப்பட்டது. ஒரு முஸ்லிம் வள்ளலின் பெயரால் அமைந்த அந்தக் கல்லூரியில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் படித்து வெளியேறுகிறார்கள். 1967 முதல் பல பத்தாண்டுகள் தமிழ்நாட்டை ஆண்டவை திராவிடக் கட்சிகளே. இத்தனை ஆண்டுகளில் இந்தப் பள்ளத்தாக்கில் வீரபாண்டி சித்திரைத் திருவிழா நிற்கவில்லை. கம்பம் வழியே குமுளி ஏறும் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் குறையவில்லை. பள்ளிவாசல்களில் பாங்கோசையும் ஓயவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் தம்மை நாத்திகர் என்று பதிவு செய்தவர்கள் சுமார் 33,000 பேர் மட்டுமே. கணக்கெடுப்பவர் பெயரைப் பார்த்தே மதத்தை எழுதிவிடும் வழக்கம் உண்டு என்பதால் உண்மை எண்ணிக்கை கூடுதலாக இருக்கலாம். அப்படியே பார்த்தாலும் 121 கோடிப் பேர் கொண்ட நாட்டில் இது மிகச் சிறிய கூட்டம்தான்.

புண்படுத்தியது உண்டு

ஆனால் நாத்திகர்கள் எப்போதும் பண்போடு நடந்துகொண்டார்கள் என்று சொல்ல முடியாது. 1953 மே 27 அன்று பெரியார் திருச்சியில் பொது இடத்தில் பிள்ளையார் சிலையை உடைத்தார். அதற்கு எதிராக வீரபத்திரன் செட்டியார் என்பவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கீழ் நீதிமன்றங்கள் புகாரைத் தள்ளிவிட்டிருந்தன. 1958-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், காலம் கடந்துவிட்டதால் வழக்கை மீண்டும் தொடங்க மறுத்தது. ஆனால் இந்திய தண்டனைச் சட்டத்தின் 295-வது பிரிவுக்குக் கீழ் நீதிமன்றங்கள் கொடுத்த குறுகிய பொருள் தவறு என்று சொன்னது. ஒரு பொருளுக்கு விலைமதிப்பே இல்லாவிட்டாலும், ஒரு பிரிவு மக்கள் அதைப் புனிதமாகக் கருதினால் சட்டத்தின் பாதுகாப்பு அதற்கு உண்டு என்று விளக்கியது. வணங்கப்படாத பொருளுக்கும் அது பொருந்தும் என்று கூறி பைபிள், குர்ஆன், குரு கிரந்த சாஹிப் ஆகியவற்றை எடுத்துக்காட்டியது.

பிள்ளையார் சிலை தொடர்பான வழக்கில் குர்ஆனுக்கான பாதுகாப்பும் தெளிவானது என்பதை நாம் கவனிக்க வேண்டும். பிறர் புனிதத்துக்கு விழும் அடி நமக்கும் விழும். பிறருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு நமக்கும் கிடைக்கும். இப்பிரிவு இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 298-வது பிரிவாகவும், மத உணர்வைத் திட்டமிட்டு இழிவுபடுத்துவதைத் தண்டிக்கும் பழைய 295-ஏ பிரிவு அதில் 299-வது பிரிவாகவும் உள்ளன.

அதிகாரம் கைக்கு வந்தபோது

1967-ல் பேரறிஞர் அண்ணா முதலமைச்சரானார். சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு தந்தார். புரோகிதர் இல்லாமல் மணம் முடிக்க விரும்பிய இந்துக்களுக்கு அது கூடுதல் வழியைத் திறந்ததே தவிர, சடங்கோடு மணப்பவரை யாரும் தடுக்கவில்லை. 1968-ல் அரசு அலுவலகங்களிலிருந்து கடவுள் படங்களை அகற்றச் சொல்லும் சுற்றறிக்கை வந்தது. தமிழ்நாட்டில் கடவுள் மறுப்புக் கருத்து அரசாணைக்கு மிக அருகில் வந்த இடம் இதுதான் எனலாம். அதிலும்கூட அரசு எல்லா மதத்துக்கும் பொது என்ற வாதம் இருந்தது. எவர் வீட்டுப் படத்தையும் யாரும் தொடவில்லை.

உண்மையான திணிப்பு எப்படி இருக்கும் என்பதை அல்பேனியாவில் பார்க்கலாம். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த அந்நாட்டில் 1967-ல் என்வர் ஹோஜாவின் கம்யூனிச அரசு பள்ளிவாசல்களையும் தேவாலயங்களையும் மூடியது. தொழுகையும் நோன்பும் குற்றமாயின. சோவியத் ஒன்றியத்திலும் மத்திய ஆசிய முஸ்லிம்கள் இத்தகைய துன்பத்தைப் பல பத்தாண்டுகள் அனுபவித்தார்கள். இதோடு தெருமுனைக் கூட்டத்தில் கேட்கும் பேச்சை ஒன்றாக வைத்துப் பேசுவது, உண்மையிலேயே திணிப்புக்கு ஆளானவர்களின் துன்பத்தைச் சிறுமைப்படுத்துவதாகும்.

பெரியாரும் முஸ்லிம்களும்

இறைமறுப்பாளரான பெரியார் மீலாது மேடைகளில் பேசியிருக்கிறார். சாதி இழிவிலிருந்து விடுபட விரும்புவோருக்கு இஸ்லாமை வழியாகக் காட்டினார். "இன இழிவு நீங்க இஸ்லாமே நன்மருந்து" என்ற தலைப்பில் வந்த அவரது 1947 திருச்சிப் பேச்சு இன்றும் நம்மிடையே கைமாறிக்கொண்டிருக்கிறது. அதே பெரியார் பர்தாவையும் சமாதி வழிபாட்டையும் சந்தனக்கூட்டையும் விமர்சித்தார். பாராட்டை மட்டும் எடுத்துக்கொண்டு விமர்சனத்தைத் திணிப்பு என்று சொல்வது நேர்மையாகாது.

மறுபுறம், நாகூர் ஹனிபாவை எண்ணிப் பாருங்கள். இறைவனைப் பாடிய அதே கம்பீரக் குரல்தான் தி.மு.க. மேடைகளிலும் ஒலித்தது. கழகத்தில் இருந்ததால் அவர் ஈமானை விடவில்லை. விடும்படி யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. காயிதே மில்லத் இஸ்மாயில் சாஹிபின் முஸ்லிம் லீக் 1967-ல் அண்ணாவோடு கூட்டணி கண்டதும் அந்த நம்பிக்கையில்தான்.

நம் பக்கம் திரும்பிப் பார்த்தால்

இனி, அதே அளவுகோலை நம் மீதும் வைக்க வேண்டும். 2017 மார்ச் மாதம் கோவையில் பாரூக் என்ற இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து திராவிடர் விடுதலைக் கழகத்தில் செயல்பட்டவர். கடவுள் மறுப்புக் கருத்துகளை சமூக வலைத்தளங்களில் பகிர்ந்துவந்தவர். அந்தக் கொலையை முஸ்லிம் அமைப்புகளும் கண்டித்தன. ஆனால் கண்டனத்தோடு கேள்வி முடிந்துவிடவில்லை. அவர் சொன்னது பலரைப் புண்படுத்தியிருக்கலாம். சட்டத்தை நாட வழி இருந்தது. பதில் சொல்ல நாவும் எழுத்தும் இருந்தன. ஒரு கருத்துக்காக உயிரை எடுப்பதைவிடப் பெரிய திணிப்பு எது?

கொலை அபூர்வமானது. வீட்டுக்குள் நடப்பது அவ்வளவு அபூர்வம் அல்ல. நம்பிக்கை இல்லை என்று சொன்ன பிள்ளையோடு பேச்சை நிறுத்துவது, படிப்புச் செலவை நிறுத்துவது, கல்யாணம் காட்சிகளில் ஒதுக்குவது, சொத்தில் பங்கில்லை என்று மிரட்டுவது எல்லாம் மறுப்பவருக்கு விதிக்கப்படும் தண்டனைகளே. நம் மலைக்கு அப்பால் கேரளத்தில், முஸ்லிமாகப் பிறந்து மார்க்கத்தை விட்ட ஒரு பெண், தமக்கு ஷரீஅத் வாரிசுச் சட்டம் வேண்டாம், பொது வாரிசுரிமைச் சட்டம் பொருந்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தை நாடினார். 2024-ல் நீதிமன்றம் அது குறித்து அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. இத்தகைய கேள்விகள் இனி கூடுமே தவிர குறையாது.

மார்க்கத்தில் நிர்ப்பந்தம் கிடையாது என்பது அல்பகரா அத்தியாயத்தின் 256-வது வசனம் தரும் தெளிவு. மக்களை நம்பிக்கை கொள்ளும்படி கட்டாயப்படுத்துவது நபி (ஸல்) அவர்களின் பொறுப்பல்ல என்பதை யூனுஸ் அத்தியாயத்தின் 99-வது வசனம் உணர்த்துகிறது. பிறர் வணங்குபவற்றை ஏசக்கூடாது என்று அல்அன்ஆம் 108-வது வசனம் தடுக்கிறது. நாத்திகர்களிடம் நாம் எதிர்பார்க்கும் பண்பை நமக்கே கட்டளையாக்கும் வசனங்கள் இவை.

சட்டம் இருவருக்கும் ஒன்றே

அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தையும், மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உள்ள உரிமையையும் ஒரே வாக்கியத்தில் தருகிறது. மதத்தை ஏற்காதவரின் மனச்சாட்சியும் அதில் அடங்கும். 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை என்பது கொள்கையை எடுத்துச் சொல்லும் உரிமையே, பிறரை மதம் மாற்றும் உரிமை அல்ல என்றது. பேசலாம், கட்டாயப்படுத்த முடியாது என்ற எல்லை எல்லோருக்கும் பொதுவானது.

பெரியார் சிலைகளின் கீழுள்ள கடவுள் மறுப்பு வாசகங்களை நீக்கக் கோரிய மனுவை 2019 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மனுதாரருக்குத் தம் மத நம்பிக்கையை வெளிப்படுத்த 19-வது பிரிவு உரிமை தருவது போலவே, அதை மறுப்பவருக்கும் உரிமை உண்டு என்பதே அதன் சாரம்.

இந்தத் தீர்ப்பு நமக்கு எதிரானது என்று எண்ணுவோர் சற்று யோசிக்க வேண்டும். ஏகத்துவத்தை எடுத்துச் சொல்லும் நம் தஃவா பணியும் பலருக்குத் திணிப்பாகவே தெரிகிறது. பல மாநிலங்களில் மதமாற்றத் தடைச் சட்டங்கள் வந்திருப்பதும் அந்த வாதத்தில்தான். நாத்திகரின் வாயை அடைக்கச் சொல்லி நாம் கேட்கும் பூட்டு, நாளை நம் அழைப்பாளர்களின் வாய்க்கும் பொருந்தும்.

என்ன செய்யலாம்?

மேடையிலும் எழுத்திலும் வரும் கடவுள் மறுப்புக்கு மேடையிலும் எழுத்திலும் பதில் சொல்வோம். அழகிய முறையில் விவாதிக்கச் சொல்கிறது அந்நஹ்ல் 125-வது வசனம். திட்டமிட்ட இழிவு இருந்தால் காவல்துறையும் நீதிமன்றமும் இருக்கின்றன. அந்த வழக்கைக் கூட்டமாகக் கூடி நாமே தீர்க்கக் கூடாது.

பள்ளியிலோ வேலையிடத்திலோ ஒருவர் தொழுகைக்காகவும் ஹிஜாபுக்காகவும் ஏளனம் செய்யப்பட்டு, அதனால் மதிப்பெண்ணோ வேலையோ பாதிக்கப்பட்டால் அது திணிப்பே. அங்கே உறுதியாக நிற்க வேண்டும்.

வீட்டில் ஒரு பிள்ளை கேள்வி கேட்டால், யார் கெடுத்தது என்று தேடுவதற்கு முன் கேள்வி என்ன என்று கேட்போம். பல நேரங்களில் அது கடவுளைப் பற்றிய கேள்வியாகவே இருக்காது. ஜமாஅத்தில் கண்ட அநீதி, வரதட்சணை, அக்காவுக்கு மறுக்கப்பட்ட படிப்பு என்று வேறெங்கோ தொடங்கியிருக்கும். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, தெரிந்த ஆலிமிடம் அழைத்துப் போகலாம். அவன் வரவில்லை என்றாலும் சாப்பாட்டுத் தட்டில் அவனுக்கு இடம் இருக்கட்டும். நேர்வழி காட்டுவது அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. கதவைத் திறந்து வைப்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.